எதிர்வீட்டு அம்மா கிறிஸ்துமஸுக்குக் குவில்ட் கொடுத்தார், எப்படி நன்றி சொல்வது?

கேள்வியின் சுருக்கம் இது. ஒஹையோவில் கொலம்பஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். எதிர்வீட்டில் தனியாக வசிக்கும், எழுபதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்மணி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பிரித்தால் உள்ளே அவரே தைத்த குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. "தேங்க் யூ, வெரி நைஸ்" என்று சொல்லி, பதிலுக்கு ஒரு சாக்லேட் டப்பாவைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "பண்டிகை நாளும் அதுவுமா ஒட்டுப்போட்ட துணியையா கொடுப்பாங்க?" என்று கேட்க, அது சூட்கேஸ்களோடு அலமாரிக்குள் போய்விட்டது. இப்போது அலுவலகத்தில் ஒருவர் "ஐந்நூறு டாலருக்குக் குறையாது" என்று சொல்லவும் மனசு உறுத்துகிறது. ஜனவரி பாதி ஓடிவிட்டது. இனிமேல் எப்படி நன்றி சொல்வது, பதிலுக்கு என்ன கொடுப்பது?

முதலில் எழுந்துபோய் அதை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எடுத்தாயிற்றா? சரி. கட்டிலில் விரித்து, பின்பக்கம் திருப்பிப் போட்டு, நான்கு மூலைகளையும் பாருங்கள். ஏதாவது ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிர் நிறத் துணி தைத்திருக்கலாம். லேபிள் என்பார்கள். தைத்தவர் பெயர், ஊர், வருடம் இருக்கும். உங்கள் குடும்பத்தின் பெயரும் அதில் இருந்தால், தைத்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து உங்களுக்குக் கொடுக்கவில்லை, உங்களுக்கென்றே தைத்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு பேசினாலே உங்கள் நன்றி வேறு மாதிரி இருக்கும். லேபிள் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. எல்லோரும் வைப்பதில்லை. எனக்கே கிறிஸ்துமஸ் அவசரத்தில் விட்டுப்போனது உண்டு.

நான் பதினான்கு வருடமாகக் குவில்ட் தைக்கிறேன். கணவரின் வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில், பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் பெண்களிடம் கற்றுக்கொண்டது. இதுவரை முப்பதுக்கு மேல் தைத்துக் கொடுத்திருக்கிறேன். பாதிக்குப் பாதி கிறிஸ்துமஸ் பரிசு. நன்றி கிடைத்த அனுபவமும் உண்டு, கிடைக்காத அனுபவமும் உண்டு.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் பண்டிகைக்குக் கொடுப்பது கோடித் துணி. மடிப்புக் கலையாமல், மூலையில் மஞ்சள் தடவிக் கொடுப்போம். ஒட்டுப்போட்ட துணி என்றால் இல்லாமையின் அடையாளம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியிலேயே கந்தைக்கு என்ன மரியாதை என்று தெரிகிறதே. ஆனால் அந்தக் கந்தை என்ற சொல்லும், வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி ஓடு தையல் போட்டுச் செய்கிற காந்தாவும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். அங்கே அது கலை, இங்கே கிழிசல். நம் வீடுகளிலும் ஒரே ஒரு இடத்தில் பழைய துணிக்குத்தான் முதல் மரியாதை: பிறந்த குழந்தையைக் கிடத்துகிற இடம். தாத்தாவின் வெளுத்து நைந்த வேட்டியையும் பாட்டியின் நூல்புடவையையும் நான்காக மடித்துத்தான் போடுவார்கள், புதுத் துணி குத்தும் என்று. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வார்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லலாம். இது பழைய துணி இல்லை. இன்றைக்கு அமெரிக்காவில் பரிசாகத் தைக்கும் குவில்ட்டில் பெரும்பாலும் கடையில் வாங்கிய புதுப் பருத்தித் துணிதான். முழுத் துணியை வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒன்றாகத் தைக்கிறோம். என் அம்மாவுக்குப் போனில் இதை விளக்கியபோது, "நல்லா இருந்த துணியை எதுக்குடி வெட்டுறீங்க?" என்று கேட்டார். பதினான்கு வருடத்தில் இதற்கு எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு சிவப்புக் கட்டம், அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் துணி, ஒரு பாதி வெளிர், மறு பாதி அடர் நிறம் என்றால், அது 'லாக் கேபின்' என்ற வடிவம். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டும் குடிசையின் பெயர். நடுவில் இருக்கும் சிவப்பு, வீட்டின் கணப்பு அடுப்பைக் குறிக்கும் என்று தைப்பவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். 1860களில் இருந்து அமெரிக்க வீடுகளில் புழங்குகிற வடிவம். பனி கொட்டும் டிசம்பரில் புது ஊர்க்காரக் குடும்பத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். யதேச்சையாகவும் இருக்கலாம், யோசித்தும் செய்திருக்கலாம். நீங்களே கேளுங்கள். எப்படி நன்றி சொல்வது என்ற கேள்விக்கு அதுவே பாதி பதில், கீழே சொல்கிறேன்.

வேலை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12 அங்குலச் சதுரம், குறுக்கே 7, நெடுக 8, மொத்தம் 56 சதுரம். ஏழடிக்கு எட்டடி, குவீன் கட்டிலுக்குப் போதும். ஒரு சதுரத்தில் நடுக்கட்டம் ஒன்று, சுற்றிப் பன்னிரண்டு பட்டைகள் என்று வைத்தால் 13 துண்டுகள். ஆக மொத்தம் 728 துண்டுகள். ஒவ்வொன்றையும் அளந்து வெட்டி, கால் அங்குல ஓரம் விட்டுத் தைத்து, ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி போட வேண்டும். கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். ஒரு நூல் கூடினால் பத்துச் சதுரம் தாண்டுவதற்குள் மூலைக்கு மூலை சேராது.

இது மேல்துணி மட்டும். கீழே ஒரு முழுத் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு. அதற்குப் பேட்டிங் என்று பெயர், கிரிக்கெட் பேட்டிங் இல்லை. மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைப்பதுதான் உண்மையில் குவில்ட்டிங். அதுவரை செய்ததெல்லாம் ஒட்டு வேலை. கையால் தைப்பவர்கள் சட்டத்தில் கட்டி மாதக்கணக்கில் தைப்பார்கள். இப்போது பலர் லாங்-ஆர்ம் என்ற பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். கடைசியில் சுற்றிலும் ஓரப் பட்டை, அதாவது பைண்டிங். முன்பக்கம் மெஷினில் ஓட்டி, பின்பக்கம் தையல் வெளியே தெரியாமல் கையால் மடித்துத் தைப்பது வழக்கம். இந்த அளவுக்குச் சுற்றளவு 30 அடி. டிசம்பர் 23ஆம் தேதி இரவு ஒரு மணிக்குச் சோபாவில் உட்கார்ந்து பைண்டிங் தைக்காத குவில்ட்காரி யாரும் இருக்கிறாளா என்பது சந்தேகம். ஜூலையிலேயே கிறிஸ்துமஸ் வேலையை ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம்.

செலவு என்று பார்த்தால், குவில்ட் கடைகளில் நல்ல பருத்தி கஜம் 12, 13 டாலர். முன்பக்கத்துக்கு எட்டு கஜம், பின்பக்கத்துக்கு எட்டு கஜம் என்று வைத்தாலே 200 டாலர் அளவுக்கு வந்துவிடும். பஞ்சு விரிப்பு 30, 40 டாலர். லாங்-ஆர்ம்காரர் சதுர அங்குலத்துக்கு மூன்று சென்ட் வாங்கினால் இந்த அளவுக்கு 240 டாலர் சொச்சம். உங்கள் அலுவலக நண்பர் சொன்ன ஐந்நூறு பொருள் கூலிக்கே சரியாகிவிட்டது. தைத்தவரின் நேரத்தை அதில் சேர்க்கவில்லை. எனக்கு இந்த மாதிரி ஒன்றுக்கு 70 மணி நேரத்துக்குக் குறையாது.

இந்தக் கணக்கைச் சொன்னது உங்களை மேலும் உறுத்துவதற்காக இல்லை. ஐந்நூறு டாலருக்கு ஈடாக நீங்கள் எதையாவது வாங்கிக் கொண்டுபோய் நிற்கக் கூடாது என்பதற்காக. நான்கு பரிசு அட்டைகளும் ஒரு பூங்கொத்தும் வாங்கிக் கணக்கை நேர் செய்தால், அவர் கொடுத்ததற்கு விலை கட்டித் திருப்பிக் கொடுத்தது போல ஆகிவிடும். அவர் எதிர்பார்ப்பது வேறு.

அது என்ன என்பதை விளக்க, ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணியின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு, பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டி ஒரு குவில்ட் தைத்து, 1886இல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைப் பார்த்து விலைக்குக் கேட்டபோது, விற்க மாட்டேன் என்றுவிட்டார். சில வருடம் கழித்துக் கஷ்டகாலம். மாட்டுவண்டியில் ஏறி அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து பத்து டாலர் கேட்டார். ஆசிரியையிடம் இருந்தது ஐந்துதான். வேறு வழியில்லாமல் 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன காட்சி என்று விளக்கிவிட்டுப் போனார். அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகும் பல முறை அந்த வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்கு அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வருகிற மாதிரி வந்து பார்த்திருக்கிறார், பாருங்கள். விற்றவருக்கே அப்படி என்றால் பரிசாகக் கொடுத்தவருக்கு எப்படி இருக்கும்? குவில்ட் கொடுத்தவருக்கு வேண்டியது சேதி. அது எங்கே கிடக்கிறது, யார் போர்த்திக்கொள்கிறார்கள், குளிருக்குத் தாங்குகிறதா, குழந்தை அதில் என்ன நிறத்தைக் காட்டிப் பேசுகிறது. நன்றி என்ற சொல் அதில் இருந்தாலும் சரி, விட்டுப்போனாலும் சரி.

எனக்கு இது புரிய நாளாயிற்று. என் முதல் பெரிய குவில்ட்டை நியூஜெர்சியில் இருக்கும் சித்தி மகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீலமும் மஞ்சளுமாக நட்சத்திர வடிவம். நான்கு மாத உழைப்பு. வாங்கிக்கொண்டாள், எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள், சாப்பிடப் போய்விட்டோம். அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. பிடிக்கவில்லை போல என்று இரண்டு வருடம் மனதுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். அடுத்த முறை போனபோது கேட்டேவிட்டேன். அவள் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அலமாரியைத் திறந்து காட்டினாள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள், கல்யாணப் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், நாலு நாப்தலின் உருண்டையோடு இருந்தது. "எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன் பாருக்கா" என்றாள். அவள் கண்ணில் உண்மையான பெருமை.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் வழக்கத்தில் மதிப்பு என்றால் பீரோவுக்குள் வைப்பது. உயர்ந்த பொருள் எதுவாக இருந்தாலும் எடுத்து உபயோகிப்பது அதற்கு அவமரியாதை என்று வளர்ந்திருக்கிறோம். தைப்பவள் மனசோ நேரெதிர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல குவில்ட்கள் நாப்தலின் வாசத்தில் தூங்குகின்றன. வீட்டுக்குள் நாம் ஒருவருக்கொருவர் நன்றி சொல்கிற பழக்கமும் இல்லை. அக்காவுக்குத் தேங்க் யூ சொன்னால், "என்னடி அந்நியமா பேசுற?" என்பார்கள். அமெரிக்கக்காரருக்கு இது எதுவும் தெரியாது. அவர் காதில் விழுவது வெறும் மௌனம்.

எதிர்ப்பக்க அனுபவமும் உண்டு. தெரிந்த குடும்பம் ஒன்று வீடு மாறும்போது நான் கொடுத்ததைக் கொண்டு டிவியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அன்றைக்கு உதவிக்குப் போன நான் அந்த டிவியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அந்த டிவிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். செய்ய வேண்டியது, ஒரு கார்டு எழுதுவது. மெசேஜ் போதாது, மின்னஞ்சலும் வேண்டாம். இந்த ஊரில் அந்தத் தலைமுறைக்கு, பரிசுக்குப் பதில் கையால் எழுதின தேங்க் யூ கார்டுதான். கிறிஸ்துமஸ் முடிந்த சில வாரங்களுக்குள் அனுப்புவது வழக்கம். ஜனவரி பாதி என்பது தாமதமே இல்லை. பிப்ரவரியே ஆகியிருந்தாலும் எழுதச் சொல்லியிருப்பேன். சொல்லப்போனால், சில வாரம் உபயோகித்துவிட்டு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது, எழுத விஷயம் இருக்கும். ஆகவே இன்று இரவே போர்த்திக்கொண்டு தூங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள்.

என்ன எழுதுவது? "ரொம்ப அழகு, ரொம்ப நன்றி" என்பதைச் சாக்லேட் டப்பாவுக்கும் எழுதலாம். குவில்ட்டைப் பார்த்தவர் மட்டும் எழுதக்கூடியதாக இரண்டு வரி வேண்டும். சாரம் இப்படி இருக்கட்டும், ஆங்கிலத்தில் உங்கள் நடையில் எழுதிக்கொள்ளுங்கள்: "அன்றைக்கு நீங்கள் கொடுத்தபோது எங்களுக்கு அது என்னவென்றே சரியாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை. அப்புறம் விரித்து ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தோம். இடது பக்கம் மேலே மாங்காய் வடிவம் போட்ட பச்சைத் துணி ஒன்று இருக்கிறது, என் மாமியாரின் புடவையில் அதே வடிவம் உண்டு. இப்போது அது எங்கள் கட்டிலில் கிடக்கிறது. பெண்ணும் பையனும் சிவப்புக் கட்டங்களை எண்ணிப் பார்த்து ஐம்பத்தாறு என்றார்கள், சரிதானா? இந்த வடிவத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை." மாங்காய் வடிவம் என்று சும்மா எழுதிவிடாதீர்கள். உங்களுடையதில் நிஜமாகவே எது இருக்கிறதோ அதை எழுதுங்கள். தெரியாமல் இருந்ததை ஒத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். அந்த அம்மா அன்று திரும்பி நடந்துபோனபோது மனதில் எழுந்த கேள்விக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

கூடவே ஒரு படம் வையுங்கள். கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்து எடுத்த படம் வேண்டாம், அதை அவரே பத்துக் கோணத்தில் எடுத்து வைத்திருப்பார். குழந்தைகள் அதற்குள் புகுந்து கூடாரம் கட்டியதோ, மாமியார் அதைத் தோளில் போர்த்திக் காபி குடிப்பதோ இருந்தால் போதும். போர் வீரர்களுக்குக் குவில்ட் கொடுப்பதற்கென்றே 2003இல் தொடங்கிய 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' என்ற அமைப்பு இருக்கிறது. அவர்கள் கொடுக்கும்போது பெட்டியில் வைத்து நீட்டுவதில்லை, விரித்துத் தோளைச் சுற்றிப் போர்த்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பெறுபவரின் முகத்தைப் பார்ப்பதுதான் தைத்தவருக்குச் சம்பளம். உங்கள் எதிர்வீட்டம்மா வாசலில் பெட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனதால் அதைப் பார்க்க முடியவில்லை. படம் அந்தக் குறையைத் தீர்க்கும்.

இன்னொரு வழி, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: எப்படித் துவைப்பது என்று போய்க் கேளுங்கள். துவைக்கக் கேட்கிறவர் அழுக்காக்கப் போகிறவர், அழுக்காக்கப் போகிறவர் உபயோகிக்கப் போகிறவர் என்று அவருக்கு உடனே புரியும். பதில் எனக்கும் தெரியும், என்றாலும் அவரிடமே கேளுங்கள். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, மெதுவான சுற்று. நடுவில் சிவப்பு இருப்பதால் முதல் இரண்டு துவையலுக்குச் சாயம் பிடிக்கும் காகிதத்தைக் கூடப் போடச் சொல்வார். இங்கே சலவைச் சோப்பு வரிசையிலேயே கிடைக்கும். உலர்த்தியில் குறைந்த சூடு. துவைத்ததும் உள்ளே இருக்கும் பஞ்சு கொஞ்சம் சுருங்கி, மேலே சின்னச் சின்னச் சுருக்கமாக விழும். கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், அந்தச் சுருக்கத்துக்காகத்தான் பலர் பருத்தி விரிப்பைத் தேடி வாங்குவது. கோடையில் எடுத்து வைக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய தலையணை உறைக்குள் போடுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் நூல் நைந்துபோகும். நேர் வெயில் படும் ஜன்னலோரமும் ஆகாது.

பதிலுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற நம் வழக்கம் இங்கே நன்றாகவே செல்லும். மாமியார் இப்போது உங்களோடுதான் இருக்கிறார், முறுக்கு சுற்றுவாரா? அந்தப் பெண்மணிக்கு ஏதாவது ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அவரை வீட்டுக்கு ஒரு காபிக்குக் கூப்பிடுங்கள். வருகிற நாளில் குவில்ட் அவர் கண்ணில் படும் இடத்தில், கொஞ்சம் கலைந்தாற்போல் கிடக்கட்டும். இது நடிப்பு இல்லையா என்று கேட்காதீர்கள். அதற்குள் நீங்கள் நிஜமாகவே உபயோகிக்க ஆரம்பித்திருப்பீர்கள்.

ஏதாவது பொருளாகவே கொடுக்க வேண்டும் என்றால் துணி கொடுங்கள். குவில்ட் தைப்பவளுக்கு நகைக்கடையைவிடத் துணிக்கடை பெரிது. ஊருக்குப் போகும்போது மதுரைச் சுங்குடியோ செட்டிநாட்டுக் கட்டமோ பருத்தியில் ஒன்று வாங்கிவந்தால், ஐந்தரை மீட்டர் புடவையை வைத்துக்கொண்டு அவர் ஒரு வருடம் யோசித்துக்கொண்டிருப்பார். சாயம் விடும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். என் செவ்வாய்க்கிழமைத் தோழி ஒருவருக்கு ஒரு சுங்குடி கொடுத்தேன். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியது என்று சொன்னதும், அதை வெட்ட மனசு வராமல் மூன்று வருடமாக வைத்துக்கொண்டு பார்க்கிறார். என் சித்தி மகளின் வியாதி அவருக்கும் தொற்றிவிட்டது.

சொல்லக் கூடாதவை சில உண்டு. "எவ்வளவு செலவாச்சு?" வேண்டாம். "எங்க அண்ணிக்கும் ஒண்ணு தச்சுத் தருவீங்களா, காசு குடுத்துடறேன்" வேண்டவே வேண்டாம், அதைக் கேட்டு எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். "இதை வித்தா நல்லா சம்பாதிக்கலாமே" என்பதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்வோம். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், மணிக்கூலி போட்டு யார் வாங்குவார்கள்? "ரிட்டயர் ஆனதால நேரம் கிடைக்குது போல" என்பதும் அப்படித்தான். அவரே தன் தப்புகளைக் காட்டுவார்: இந்த மூலை சேரவில்லை, இந்தப் பட்டை தலைகீழ் என்று. தைக்கும் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு, கொடுத்த கையோடு குறையைச் சொல்லிவிடுவோம். "ஆமா, இப்பதான் கவனிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடவுள் மட்டும்தான் குறையற்றவர், அதனால் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்துத் தைப்பது மரபு என்று யாராவது கதை சொல்வார்கள். குவில்ட் வரலாறு எழுதுகிறவர்கள் அதை நம்புவதில்லை. எனக்கும் வேண்டுமென்றே பிழை வைக்கும் அவசியம் இதுவரை வந்ததில்லை.

மாமியாருக்காக இன்னொரு செய்தி. அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவுக்குள் ஒரு கறுப்பின மக்களின் கிராமம். அங்கே நிஜமாகவே கிழிந்த துணியில்தான் தைத்தார்கள், வேலைக்குப் போட்டுக் கிழிந்த சட்டை, முட்டி தேய்ந்த கால்சட்டை. மிசூரி பெட்வே என்ற பெண்மணி, கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து 1942இல் ஒரு குவில்ட் தைத்தார், அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. அந்தக் கிராமத்துக் குவில்ட்கள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்துவிட்டன. ஒட்டுப்போட்ட துணிதான், அத்தை சொன்னது சரிதான். நூலகத்தில் அந்தப் படங்கள் உள்ள புத்தகம் கிடைத்தால் அவருக்குக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காததையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது தைக்கக் கிளம்புவார்கள். கொடுப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள். இங்கே தைப்பவர்கள் தங்களுக்குள் 'குவில்ட் வொர்த்தி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், இந்த ஆளுக்குத் தைத்துக் கொடுக்கலாமா கூடாதா என்று. கேட்க கர்வமாகத் தெரியும், ஆனால் 70 மணி நேரம் உட்கார்ந்தவளுக்கு அந்த உரிமை உண்டு. நான் இப்போது நிறத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். கொடுக்கும்போது துவைக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதி, "நாய் படுக்கட்டும், காபி கொட்டட்டும், உள்ளே மட்டும் வைக்காதீர்கள்" என்று சேர்த்துவிடுகிறேன். என் சித்தி மகளுக்கு அந்தச் சீட்டைத் தபாலிலேயே அனுப்பினேன். இப்போது அது அவள் வீட்டுச் சோபாவில் கிடக்கிறது, நாப்தலின் வாசம் போக நான்கு துவையல் ஆயிற்றாம்.

எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய நன்றி, பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுடையது. அவன் மூன்று வயதில் கொடுத்த சின்னக் குவில்ட். ரயில் படம் போட்டது. அதற்காக அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவன் அம்மாதான் கார்டு எழுதினாள். ஆனால் மாடிப்படியில் இழுத்து, காரில் போட்டு மிதித்து, ஆஸ்பத்திரிக்குக்கூட எடுத்துப்போய், ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து வந்தது. அதையும் உங்கள் வீட்டுக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கிழிந்தால் மறைக்காதீர்கள், நீங்களாக ஒட்டுப் போடவும் வேண்டாம், எதிர்வீட்டுக்கே எடுத்துப்போங்கள். அவரிடம் அதே துணியில் மிச்சம் இருக்கும். அந்தப் பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன மாதம் மூன்றாவது முறையாக ஓரப்பட்டை மாற்ற எடுத்துவந்தான். எப்போது கிடைக்கும் என்று கேட்டான். சனிக்கிழமை என்றேன். அதுவரைக்கும் எதைப் போர்த்திக்கொள்வது என்று வாசலிலேயே நின்றான். வெள்ளிக்கிழமை இரவே முடித்துக் கொடுத்துவிட்டேன்.